நானூற்றுத் தொண்ணூற்றேழாவது நாள்

டீக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் சார். ஏலக்காய் போட்டிருந்தீர்கள். போடியிலிருந்து ஊர் உலகத்துக்கெல்லாம் ஏலக்காய் போகிறது. தேனியில் ஒரு டீக்கடையிலும் நான் அதை டீயில் பார்த்ததில்லை. காவல் நிலையத்தில் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் முன்பே வந்திருப்பேன்.

வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்றதும் மறுக்காமல் தாள் கொடுத்தீர்கள். அதற்கும் நன்றி. ஏட்டய்யா எழுதியதைப் படித்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. ஆனால், ‘கம்ப்யூட்டர் ரிப்பேர் ஆனதால் சங்கு ஊதவில்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கம்ப்யூட்டர் ரிப்பேர் ஆகவில்லை. சொன்னதைச் செய்தது. யார் சொன்னதை என்பதில்தான் உங்களுக்குக் குழப்பம். அந்தக் குழப்பத்தில் ஜோயலைப் பிடித்துப் பதினோரு நாளாக உள்ளே வைத்திருக்கிறீர்கள். ஊத்துப்பாறை ஓடையில் நடந்ததற்கு அவன் காரணம் இல்லை. அதை விளக்கத்தான் வந்தேன்.

என் பெயர் அம்மாவாசி. வயது நாற்பத்தொன்று. அமாவாசையன்று பிறந்ததால் வைத்த பெயர். சிரிக்க விரும்புகிறவர்கள் சிரிக்கலாம். பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் சிரித்துத் தீர்த்துவிட்டார்கள், மிச்சம் அதிகம் இருக்காது. தேனியில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் வேலை. பதவி, சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர். மாணவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறார்களா என்று பார்ப்பது வேலை.

1998-இல் ஒரு பத்திரிகையோடு வந்த சிடியில் லினக்ஸ் கிடைத்தது. கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள் அது. உங்கள் மேசையில் பூப்போட்ட துணி போர்த்தி ஒரு கணினி வைத்திருக்கிறீர்கள். அதில் இருப்பது காசு கொடுத்து வாங்க வேண்டியது. வாங்கினீர்களா என்று நான் கேட்கப் போவதில்லை. லினக்ஸ் இலவசம். அதைவிட முக்கியம், அதன் உள்ளே எழுதியிருப்பது அத்தனையும் திறந்து கிடக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பழுது பார்க்கலாம், புதிதாக எழுதிச் சேர்க்கச் சொல்லி அனுப்பலாம். நன்றாக இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். எழுதியவனுக்குச் சம்பளம் கிடையாது. கோப்பின் தலையில் பெயர் இருக்கும், அவ்வளவுதான். எனக்குப் பெயராசை கிடையாது என்பதை இந்த இடத்திலேயே பதிவு செய்துவிடுகிறேன்.

போடியில் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியின் மாடியில் மாதம் இரண்டாவது ஞாயிறு கூடுவோம். பதினோரு பேர். கம்பம் பள்ளத்தாக்கு லினக்ஸ் குழு என்று பெயர். வீடு திரும்பும்போது சட்டையெல்லாம் ஏலக்காய் வாசம் வரும். ஏதோ நல்ல இடத்துக்குத்தான் போய் வருகிறார்கள் என்று வீட்டில் நம்பினார்கள். ஒரு கூட்டம் முழுக்க, நிரல் எழுத உதவும் இரண்டு எடிட்டர் மென்பொருள்களில் எது சிறந்தது என்று சண்டை போட்டோம். தலைமை வகித்த ஞானசிகாமணி வாத்தியாருக்கு இரண்டுமே தெரியாது. அதனால்தான் அவரைத் தலைமை தாங்கச் சொன்னோம்.

மற்ற நாட்களில் மின்னஞ்சலில் கேள்வி பதில் நடக்கும். அதற்கு விதிகள் வகுத்தவன் நான். கேட்பதற்கு முன் கையேட்டைப் படிக்க வேண்டும். ‘உதவி’ என்று தலைப்பு வைக்கக் கூடாது. பதில் எழுதினால் முந்தைய கடிதத்துக்குக் கீழே எழுத வேண்டும், மேலே எழுதக் கூடாது. இதெல்லாம் நான் கண்டுபிடித்தது இல்லை. உலகம் முழுக்க இந்தத் துறையில் இருக்கும் வழக்கம். நான் கொஞ்சம் பக்தியோடு கடைப்பிடித்தேன், அவ்வளவுதான். மகள் கல்யாணப் போட்டோவெல்லாம் அழிந்துகொண்டிருக்கிறது, என்ன செய்ய என்று ஒருவர் ‘உதவி, மிக அவசரம்’ எனத் தலைப்பிட்டுக் கேட்டார். கையேட்டில் பாருங்கள் என்று பதில் போட்டேன். போட்டோக்கள் போய்விட்டன. கல்யாணம் நிலைத்திருப்பதாகக் கேள்வி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1999-இல் போடி ஏலக்காய் வியாபாரி ஒருவர் கொச்சியிலிருந்து ஒரு பழைய அட்டை வாங்கி வந்தார். கணினிக்குள் செருகினால் வெளியே எட்டுக் கருவிகளை இணைக்கலாம். மலிவு. லினக்ஸுக்கு அந்த அட்டையை அடையாளம் தெரியவில்லை. அடையாளம் காட்டுவதற்கு ஒரு நிரல் எழுத வேண்டும், டிரைவர் என்பார்கள். மூன்று மாதம் உட்கார்ந்து நானூற்றுப் பன்னிரண்டு வரிகள் எழுதினேன். அட்டை வேலை செய்தது. நிரலைக் குழுவின் பக்கத்தில் போட்டுவைத்தேன். தலையில் என் பெயரைப் போடவில்லை. நம் ஊர்க் கோயில்களில் டியூப்லைட் உபயம் செய்தவர்கள் வெளிச்சமே வராத அளவுக்குப் பெயர் எழுதி வைப்பார்கள். நான் அந்த ரகம் இல்லை. எழுதியது யார் என்று பதினோரு பேருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் சொல்லிக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஜோயல் 2001-இல் குழுவுக்கு வந்தான். போடி கடைவீதியில் பெயிண்ட், ஹார்டுவேர் வியாபாரம் செய்யும் குடும்பம். கிறிஸ்துமஸுக்கு எல்லாருக்கும் கேக் கொண்டுவருவான். மரியாதை தெரிந்தவன், என்னை அண்ணே என்பான். என் நிரலை எடுத்தான். வரிகளுக்கு நடுவே இடைவெளிகளை ஒழுங்குபடுத்தினான். இது இதற்காக என்று அங்கங்கே குறிப்புகள் எழுதினான். வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வேலை, குடும்பத் தொழிலாயிற்றே. பிறகு அதை லினக்ஸைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினான். 2002 ஜனவரியில் சேர்த்துக்கொண்டார்கள். உலகத்தில் யார் லினக்ஸ் எடுத்தாலும் அந்தக் கோப்பும் கூடவே போகும். அதன் தலையில், எழுதியவர்: ஜோயல், போடி. கீழே சின்னதாக, தேனி நண்பர் ஒருவருக்கு நன்றி.

அந்த மாதக் கூட்டத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கூட்டம் முடிந்ததும் அவனே என்னிடம் வந்தான்.

“அண்ணே, உங்களுக்கு மூணு மெயில் போட்டேன். கோப்புல உங்க பேரை எப்பிடிப் போடணும்ண்டு கேட்டிருந்தேன். நாலு மாசம் பாத்தேன், நீங்க பதிலே போடல.”

“எங்க எழுதியிருந்த? மேலயா, கீழயா?”

“எதுக்கு மேலண்ணே?”

மூன்று கடிதங்களையும் பழைய கடிதத்துக்கு மேலேயே எழுதியிருந்தான். நான் திறந்த வேகத்தில் மூடிவிட்டேன். அதில் என்ன கேட்டிருந்தான் என்பதை அன்றுதான் அறிந்தேன். இப்பவும் மாத்திரலாம்ண்ணே, சொல்லுங்க என்றான். வேண்டாம் என்றேன். கேட்டு வாங்கினால் அதற்குப் பெயர் பெயரா? உள்ளுக்குள் எரிந்தது. அதை மறைக்கவில்லை. ஆனால் எரிச்சல் வேறு, காரணம் வேறு. தயவு செய்து குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அதே வாரம் எங்கள் ஆய்வகத்தில் பிரிண்டர் நின்றுபோனது. அந்த அட்டை வழியாக இணைத்திருந்த பிரிண்டர். பிழை என்று எந்தச் செய்தியும் வரவில்லை. அனுப்பியது போகவில்லை, அவ்வளவுதான். அந்தக் கணினி நிறுத்தப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய பாட்டரி வரிசையும் ஜெனரேட்டரும் கல்லூரியில் உண்டு. எத்தனை நாளாக ஓடுகிறது என்று பார்த்தேன். பூஜ்யம் நாள் என்றது. நானூற்றுத் தொண்ணூற்றேழு நாள் ஓடிய இயந்திரம் நேற்றுப் பிறந்ததாகச் சாதித்தது.

இதை உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். லினக்ஸ் தான் விழித்த நேரத்திலிருந்து, நொடிக்கு நூறு என்று எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணி வைக்கும் பெட்டிக்கு ஓர் அளவு உண்டு. நானூற்று இருபத்தொன்பது கோடியே சொச்சம் வந்ததும் பெட்டி நிறைந்து பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும், பழைய மொபெட்டில் கிலோமீட்டர் முள் திரும்புவதுபோல. கணக்குப் போட்டால் நானூற்றுத் தொண்ணூற்றேழு நாள், இரண்டு மணி, இருபத்தெட்டு நிமிடம். அதில் லினக்ஸுக்கு ஒரு பாதிப்பும் இல்லை. பாதிப்பு என் நிரலில் இருந்தது. கடைசியாகச் செய்தி அனுப்பிய நேரத்தைவிட இப்போதைய நேரம் பெரிதாக இருந்தால்தான் அடுத்த செய்தி போகும் என்று எழுதியிருந்தேன். பூஜ்யத்துக்குத் திரும்பிய பிறகு இப்போதைய நேரம் எப்படிப் பெரிதாகும்? நிரல் காத்திருக்கும். இன்னொரு நானூற்றுத் தொண்ணூற்றேழு நாள், முகம் சுளிக்காமல் காத்திருக்கும். பொறுமை நல்ல குணம்தான்.

ஆறு வரிகளில் சரிசெய்தேன். இந்தக் கவரில் இருக்கும் சிடியில் அது தேதியோடு இருக்கிறது. அதை அனுப்பிவைத்திருந்தால் ஒரே வாரத்தில் உலகம் முழுக்கத் திருத்தியிருப்பார்கள். ஏன் அனுப்பவில்லை என்று கேட்பீர்கள். யாருடைய கோப்புக்கு அனுப்புவது? அதை எழுதியவர் ஜோயல், போடி. எழுதியவருக்குத் தெரியாதா என்ன?

சுருளிப்பட்டிக்கு மேலே மலையில் ஓர் எஸ்டேட்காரர் சின்னதாக நீர்மின் நிலையம் வைத்திருக்கிறார். ஊத்துப்பாறை ஓடையை மறித்து ஒரு தடுப்பு. மழைக்காலத்தில் குளம் நிறைந்ததும் மதகைத் திறந்துவிடுவார்கள். தண்ணீர் மூன்று கிலோமீட்டர் இறங்கி, சலவைப் பாறை என்று ஜனங்கள் சொல்கிற இடத்துக்கு வரும். அங்கேதான் திராட்சைத் தோட்டத்துப் பெண்கள் மத்தியானம் கைகால் கழுவி, துணி அலசி, கஞ்சி குடிப்பார்கள். அங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். அதனால் சலவைப் பாறையில் ஒரு சங்கு வைத்தார்கள், பஞ்சாலைச் சங்கு மாதிரி. மதகு காவலர் செல்லப்பாண்டி மேலே கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் வயர்லெஸ் வழியாகக் கீழே சங்கு ஊதும். இருபது நிமிடம் கழித்து மதகைத் திறப்பார். கணினியை அமைத்துக் கொடுத்தவன் ஜோயல். ஒரு பைசா வாங்கவில்லை. வயர்லெஸ்ஸைக் கணினியோடு இணைத்தது அந்த எட்டு வழி அட்டை. 2003 ஜூன் 12, வியாழன், காலை பத்து நாற்பதுக்கு இயந்திரத்தை ஓடவிட்டதாகப் பெருமையாகக் குழுவுக்கு எழுதினான். மேலேதான் எழுதினான்.

படித்ததும் நான் செய்ததெல்லாம் காலண்டரைப் புரட்டியதுதான். அடுத்த வருடக் காலண்டர் அப்போது வரவில்லை. விரல் விட்டு எண்ணினேன். 2004 அக்டோபர் 21, வியாழன், மத்தியானம் ஒன்று எட்டு. ஐப்பசி. அடைமழைக் காலம்.

எண்ணுவது குற்றமா, சார்? அடுத்த மாதக் கூட்டத்தில் நான் ஒரு யோசனை சொன்னேன். எங்கள் ஆட்களுக்கு ஒரு பெருமை உண்டு. தன் இயந்திரம் நிறுத்தாமல் எத்தனை நாள் ஓடுகிறது என்பதைப் பிள்ளை வாங்கிய மார்க் மாதிரி சொல்லிக்கொள்வார்கள். முடிந்தவரை நிறுத்தவே மாட்டார்கள். ஐநூறு நாள் ஓட்டுகிறவருக்குக் கேடயம் என்று அறிவித்தேன். பலத்த கைதட்டல். தேனியில் மின்சாரம் போகிற போக்கில் இருபது நாள் ஓடினாலே தெய்வச் செயல். பத்துப் பேரும் தீபாவளிக்குள் தோற்றுவிட்டார்கள். மின்சாரம் தயாரிக்கும் இடத்தில் மட்டும் மின்வெட்டு கிடையாது. ஜோயலின் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்று நாள் கணக்கைச் சொல்லுவான். நூற்றிருபது. இருநூற்று நாற்பது. எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டியது நான்தான். யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இடையில் ஒரே ஒரு ஆபத்து வந்தது. ஆயுத பூஜை. 2003-இல் செல்லப்பாண்டி, எல்லா மெஷினையும் நிறுத்தித் துடைத்துப் பொட்டு வைத்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறார். டர்பைனே நிற்கிறது, இந்தப் பெட்டி என்ன பெரிய கொம்பா என்று கேட்டாராம். நியாயமான கேள்வி. நிறுத்தியிருந்தால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கியிருக்கும். ஜோயல் கூட்டத்தில் கேட்டான். ஓடும்போதே பொட்டு வைத்தால் சாமி கோபிக்காது, கேடயம்தான் கோபித்துக்கொள்ளும் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஜோயலுக்குச் சந்தனம், குங்குமத்தில் அனுபவம் இல்லை. நான் சொன்னதை அப்படியே போய்ச் சொன்னான்.

நான் பொறுப்பில்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கருவியில் பிழை இருந்தால் அது யாரைப் பாதிக்கும் என்று நேரில் பார்த்துவர வேண்டும் என்பது என் கொள்கை. இந்த ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை சுருளிப்பட்டிக்குப் போனேன். முதலில் மேலே ஏறி மதகைப் பார்த்தேன். செல்லப்பாண்டி கணினிக்குப் பட்டுத்துணி போர்த்தியிருந்தார். திரை மட்டும் தெரிந்தது. நானூற்று இருபத்தொன்பது நாள்.

“கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிறேன் சார். தூசி தட்டக்கூட பயமாயிருக்கு. கேடயம் வாங்குற மெசினுண்டு ஜோயல் தம்பி சொல்லிருக்கு.”

“சங்கு ஊதுறது இங்கன கேக்குமா?”

“சும்மா நாள்ல லேசாக் கேக்கும் சார். மழை பெஞ்சா எங்கிட்டுக் கேக்குறது. பட்டனைத் தட்டுனா இந்தா இங்கன ஒரு வரி வரும். வந்துச்சுன்னா போயிருச்சுண்டு அர்த்தம்.”

வரி வருவதற்கும் செய்தி போவதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. சொல்லவில்லை. அடுத்தவர் அமைத்த இயந்திரத்தில் குறை சொல்வது நாகரிகம் இல்லை.

அங்கிருந்து சலவைப் பாறைக்கு இறங்கினேன். மணி இரண்டு. நான்கு பெண்கள் இருந்தார்கள். மூத்தவர் பெயர் அக்கம்மாள். ஐம்பது வயது இருக்கும். தோட்டத்தில் உதிர்ந்த திராட்சையை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். ஒரு கொத்து எனக்குக் கொடுத்தார். கொஞ்சம் புளிப்பு.

“இங்கன உக்காந்து சாப்பிடுறீகளே, தண்ணி வந்தா?”

“சங்கு ஊதுனா துணிமணிய வாரிக்கிட்டு ஏறிருவோம் தம்பி. முன்னெல்லாம் தண்ணி நெறம் மாறுதாண்டு ஒரு ஆளு பாத்துக்கிட்டே நிக்கணும். அந்த ஆளுக்குக் கஞ்சி கடைசியாத்தேன். இப்ப அந்தப் பாடு இல்ல. எல்லாரும் ஒண்ணா உக்காந்து குடிக்கிறோம்.”

“சங்கு ஊதலைன்னா?”

“ஊதலைன்னா தண்ணி வரலைண்டுதான தம்பி அர்த்தம்? போடில ஒரு பையன் வச்சுக் குடுத்திருக்கான். நல்லாருக்கட்டும்.”

போடியில் ஒரு பையன். நான்கு பேரும் தலையை ஆட்டினார்கள். திராட்சைக் கொட்டையை ஓடையில் துப்பிவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் யோசித்தேன். அந்த நிரலை எழுதியது யார் என்று அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். விளம்பரம் செய்வதாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் கேடயத்துக்குச் சொன்னேன். ஜோயல் பெயரும் பொறிக்கச் சொன்னேன், ஐநூறு நாள் என்றும். வழங்குபவர் பெயர் சற்றுப் பெரிதாக இருக்கலாம் என்று கடைக்காரர்தான் சொன்னார். இதோ, இந்தப் பையில் இருக்கிறது. சான்றாக எடுத்துக்கொள்வதானால் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 20, புதன்கிழமை சாயங்காலம் ஜோயலிடமிருந்து கடிதம் வந்தது. அதை நீங்களும் எடுத்திருப்பீர்கள். அவன் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவான். நான் தமிழிலேயே தருகிறேன். ‘அண்ணே, நாளான்னிக்கு ஆயுத பூஜை. செல்லப்பாண்டி அண்ணன் நாளைக் காலைல மெஷினை நிறுத்தித் தொடைக்கணும்ண்டு நிக்கிறாரு. போன வருசமே அவரு மனசு சங்கடப்பட்டுச்சு. 496 நாள் ஆச்சு. எனக்குக் கேடயம் பெரிசில்லண்ணே. ரொம்ப நாள் ஓடுனா எதும் பிரச்சினை வருமாண்டும் ஒரு யோசனை. நிறுத்திறவா?’

தலைப்பு, உதவி. அன்றும் மேலேதான் எழுதியிருந்தான். பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். ஆறு வருடத்தில் யார் கேட்ட கேள்விக்கும் நான் நேராகப் பதில் சொன்னதில்லை. கையேட்டைப் பார் என்றுதான் சொல்வேன். அவனையும் அன்று அப்படிச் சொல்லியிருந்தால் படித்திருப்பான். நானூற்றுத் தொண்ணூற்றேழு நாள் விவகாரம் தேடுகிறவன் கண்ணில் படக்கூடிய விஷயம்தான். அதனால் சொல்லவில்லை. பத்தே நிமிடத்தில் பதில் போட்டேன். ‘அன்புள்ள ஜோயல், நிறுத்த வேண்டாம். பிரச்சினை எதுவும் வராது. பொட்டு வைக்க நிறுத்தத் தேவையில்லை. இன்னும் நான்கே நாள். நல்வாழ்த்துகள்.’ நான் அந்தக் குழுவில் எழுதியதிலேயே கனிவான கடிதம் அதுதான்.

மறுநாள் ஒன்று எட்டுக்கு ஆய்வகத்தின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். வெளியே மழை. டிபன் பாக்ஸைத் திறந்தேன். தயிர்ச்சாதம், நார்த்தங்காய் ஊறுகாய். மேசையில் தொலைபேசி இருந்தது. பெண்கள் பாறையில் உட்காரும் இரண்டு மணிக்கு முன்னால் ஜோயலுக்கோ எஸ்டேட்டுக்கோ ஒரு வார்த்தை சொல்ல ஐம்பத்திரண்டு நிமிடம் இருந்தது. சாப்பிட்டு, பாத்திரத்தைக் கழுவி வைத்தேன். அடைமழையில் யார் ஓடைக்குப் போவார்கள் என்று நினைத்ததாக உங்களிடம் சொல்லலாம் என்றுதான் முதலில் இருந்தேன். ஆனால் சுருளிப்பட்டிப் பக்கம் அன்று மழை இல்லை. மலைமேல்தான் பெய்தது. வானிலையையும் காலையிலேயே விசாரித்து வைத்திருந்தேன்.

செல்லப்பாண்டி பொத்தானைத் தட்டினார். வரி வந்தது. இருபது நிமிடம் காத்திருந்து மதகைத் திறந்தார். மனிதர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார். சலவைப் பாறையில் நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரைத் தோட்டத்து ஆட்கள் இழுத்துப் போட்டுவிட்டார்கள். அக்கம்மாளும் இன்னொரு பெண்ணும் போய்விட்டார்கள். அக்கம்மாளை மறுநாள், ஆயுத பூஜையன்று, ஒரு தென்னந்தோப்பு ஓரத்தில் எடுத்ததாகச் சொன்னார்கள்.

நான் யாரையும் தொடவில்லை. எதையும் உடைக்கவில்லை. ஒரு திருத்தத்தை அனுப்பவில்லை, கைதட்டினேன், ஒரு கேள்விக்குப் பதில் சொன்னேன். இதற்குச் சட்டத்தில் என்ன பிரிவு என்று பார்ப்பது உங்கள் பாடு. கொலை என்றுதான் எழுத வேண்டும் என்றால் எழுதிக்கொள்ளுங்கள். வார்த்தைக்காக நான் சண்டை போட மாட்டேன். இவர்கள் சாகக்கூடும் என்று எனக்குத் தெரியும். ஒன்றரை வருடமாகத் தேதியோடு தெரியும்.

ஏன் இப்போது வந்து சொல்கிறாய் என்று நீங்கள் காலையில் கேட்டீர்கள். மனசாட்சி என்றேன். அது உண்மைதான். நடந்த அன்று இரவு நன்றாகத் தூங்கினேன், அதை மறைக்க மாட்டேன். மூன்றாம் நாள் பேப்பர் வந்தது. போடி வாலிபர் எழுதிய கம்ப்யூட்டர் நிரலால் இரு பெண்கள் பலி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். அன்றிலிருந்து மனசாட்சி உறுத்தத் தொடங்கிவிட்டது. ஒன்பது இரவு பொட்டுத் தூக்கம் இல்லை. நேற்று ஜோயலின் அம்மா சொர்ணலதா என் வீட்டுக்கு வந்தார். எப்.ஐ.ஆர். நகல் கையில் இருந்தது.

“தம்பி, அவன் எதுக்கெடுத்தாலும் அம்மாவாசி அண்ணன் சொன்னாக, அண்ணன் சொன்னாகண்டுதான் சொல்லுவான். நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். போலீசுல நம்புவாக.”

அழுதார். தண்ணீர் கொடுத்தேன். நகலை வாங்கிப் படித்தேன். முதல் பக்கம், ஏழாவது வரி. ‘மேற்படி ஜோயல் என்பவர், தானே எழுதிய நிரலை அஜாக்கிரதையாக நிறுவியதன் காரணமாக.’ தானே எழுதிய. நானூற்றுப் பன்னிரண்டு வரிகளில் அவன் எழுதியது குறிப்புகளும் இடைவெளியும்தான், சார். நேரத்தைக் கணக்கிடும் அந்த இடம், சங்கை ஊதவிடாமல் நிறுத்திய அந்த மூன்று வரி, முழுக்க என்னுடையது. அவனால் அப்படி ஒரு பிழையைக்கூட எழுத முடியாது. நாளை கோர்ட்டிலும் இதையே படிப்பார்கள். தீர்ப்பிலும் வரும். ஒரு நிரபராதி செய்யாத காரியத்தைச் செய்தவனாக நிற்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. விடிந்ததும் முதல் பஸ்ஸில் வந்துவிட்டேன்.

போலீஸில் கொடுக்கும் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று ஏட்டய்யா இரக்கப்பட்டுச் சொன்னார். மாஜிஸ்திரேட் முன்னாலும் சொல்கிறேன், எத்தனை நகல் வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன். ஜோயலை விட்டுவிடுங்கள். நல்ல பையன்.

எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எப்.ஐ.ஆரில் அடித்துத் திருத்தக் கூடாதாம். ஆகவே திருத்த வேண்டிய வரியைத் தனித் தாளில் எழுதி மேலே வைத்திருக்கிறேன். இறந்த இரண்டாவது பெண்ணின் பெயரை என் வாக்குமூலத்தில் விட்டுவிட்டதாக ஏட்டய்யா சொல்கிறார். எனக்கு நினைவில்லை, அதை நீங்களே பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் பக்கம் ஏழாவது வரியில் என் பெயர் வந்துவிட்டதா என்று மட்டும், தட்டச்சு செய்த பிறகு, ஒருமுறை என்னிடம் காட்டிவிடுங்கள்.